அண்ணி போடாத ஜி

விமானப் பிளானை அனுப்புவதற்கு முன்னால் அண்ணி இடது கையை மூடிக்கொண்டு ஒவ்வொரு விரலாக விரிப்பார். சுண்டுவிரலுக்கு, “இருக்கா?” மோதிரவிரலுக்கு, “ஓடுதா?” நடுவிரலுக்கு, “ஓட்டறவருக்குத் தெரியுமா?” ஆள்காட்டி விரலுக்கு, “ஒத்துக்கிட்டாங்களா?” நான்கு கேள்விக்கும் அவரே தலையாட்டிக்கொண்டால்தான் வலது கை பொத்தானை அழுத்தும். கட்டைவிரல் கடைசிவரை மடங்கியே இருக்கும்.

பல வருடங்களாக இதைப் பார்த்து வருகிறேன். வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. மழைநாளில் அண்ணன் செருப்பை மாட்டினால் போதும், விரல் விரியும்.

“குடை இருக்கா? விரியுதா?”

“விரிக்கத் தெரியுமான்னும் கேட்டுடேன்” என்பான் அண்ணன்.

“அதைக் கேக்க வேண்டாம். தெரியாதுன்னு எனக்கே தெரியும்.”

அண்ணன் விமானி. இரண்டு காற்றாடி வைத்த பழைய சரக்கு விமானம் ஒன்றை ஓட்டினான். அண்ணி அதே கம்பெனியில் பிளான் போடுகிறவர். அதற்கென்று படித்துத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர். நான் அந்த அறையைக் கூட்டித் துடைத்து டீ போட்டுக் கொடுப்பவள். எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கம்பெனியில் என்னை ‘இங்கதான் இருக்கீங்களா’ என்றுதான் சொல்வார்கள். யாராவது திரும்பிப் பார்த்து, “அட, இங்கதான் இருக்கீங்களா!” என்று திடுக்கிடுவது வழக்கமாகி, அதுவே பெயராகிவிட்டது. பேச வராவிட்டாலும் எனக்குப் பார்க்க வரும்.

ஒவ்வொரு விமானமும் கிளம்புவதற்கு முன்னால் அதன் பிளான், வானத்தில் வழி கொடுக்கும் கன்ட்ரோலுக்குப் போக வேண்டும். எங்கிருந்து எங்கே, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள் என்று பல கட்டங்கள். பத்தாவது கட்டத்தில் விமானத்துக்குள் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று எழுத வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எழுத்து. கன்ட்ரோலில் உட்கார்ந்திருப்பவர்கள் விமானத்தை வந்து பார்ப்பதில்லை. அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான், இது கண் தெரிந்தது, இது கை பிடித்து நடத்த வேண்டியது என்று முடிவு செய்து வழி கொடுக்கிறார்கள். அங்கே ஓர் எழுத்தைக் கூட்டிப் போடுவது, பார்வையற்ற ஒருவரைக் கண் தெரிந்தவர் என்று சொல்லிச் சாலையில் விடுவது மாதிரி. இது என் சொல் இல்லை, அண்ணியின் சொல்.

எங்கள் விமானத்துக்குப் பெயர் கிழவி. மெக்கானிக் வைத்த பெயர். கிழவியிடம் இருந்தவை எல்லாம் அந்தக் காலத்துக் கருவிகள். பேசுவதற்கு ரேடியோ, தரையில் இருக்கும் நிலையங்களைப் பிடித்து வழி காட்டும் பெட்டி, தூரம் காட்டும் பெட்டி, தரையில் நட்ட இன்னொரு ரக ரேடியோக் கம்பத்தின் பக்கமாகத் திரும்பும் ஒரு முள். அண்ணி ரேடியோவுக்கும் வழிப் பெட்டிக்கும் சேர்த்து எஸ் போடுவார், தூரப் பெட்டிக்கு டி போடுவார், முள்ளுக்கு எஃப் போடுவார். அத்தோடு கை நிற்கும்.

எஃப் போட்டதற்கே ஒரு காலத்தில் வீட்டில் சண்டை நடந்திருக்கிறது.

“எஸ்ஸுக்குள்ளயே முள்ளு அடக்கம். தனியா எஃப் எதுக்கு? எனக்குத் தெரியாதா?” என்றான் அண்ணன்.

“அடக்கமா இருந்துச்சு. இப்ப விதியை மாத்திட்டாங்க. எஃப் தனிக்குடித்தனம் போயாச்சு.”

“ஒரு எழுத்துதானே, விடேன்.”

“மூடுபனியில இறங்கறப்போ அந்த முள்ளை நம்பித்தானே இறங்குவீங்க? அது உங்ககிட்ட இருக்குன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

அண்ணன், “எஸ், எஸ்” என்று சொல்லிவிட்டு நழுவினான். அவனுக்கு எந்தச் சண்டையிலும் அதுதான் பதில். ஆமாம் என்பதற்கும் அதுதான், ஆளைவிடு என்பதற்கும் அதுதான்.

முதலாளி படுத்த படுக்கையான பிறகு அவருடைய மருமகன் நாற்காலிக்கு வந்தார். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை மாப்பிள்ளை என்றார்கள். முகத்துக்கு நேரே ‘ஜி’ போட்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. சரிங்க ஜி, வந்துட்டேன் ஜி, நீங்க சொன்னா சரிதான் ஜி. அண்ணி மட்டும் சார் என்றார்.

மாப்பிள்ளை வந்த சமயத்தில்தான், நாங்கள் சரக்கு கொண்டுபோகும் பெரிய விமான நிலையத்தில் வழிகளை மாற்றினார்கள். வானத்துச் செயற்கைக்கோளைப் பிடித்து வழி காட்டும் கருவி உள்ளவர்களுக்கு நேர்க்கோடு. அந்தக் கருவிக்கு எழுத்து ஜி. அது இல்லாதவர்கள் பழையபடி தரை நிலையம் தரை நிலையமாகச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கூட்ட நேரத்தில் அவர்களைக் கடைசியில் நிற்கவும் வைப்பார்கள். கிழவி தினமும் சுற்றினாள். சரக்கு தினமும் தாமதமாகப் போனது.

சரியான கருவியை வாங்கி, உரிமம் உள்ளவர்களை வைத்துப் பொருத்தி, சோதித்து, விமானப் போக்குவரத்துத் துறையிடம் ஒப்புதல் வாங்கினால் ஜி போடலாம். அண்ணி அதை மாப்பிள்ளையிடம் எழுத்திலும் கொடுத்தார், வாயாலும் சொன்னார். மாப்பிள்ளை ஒரு நாள் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியுடன் வந்தார். காரில் வைப்பார்களே, அந்த மாதிரி. ரப்பர் உறிஞ்சியை எச்சில் தொட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம்.

“ஜி வந்தாச்சு மேடம். இனிமே நேர்க்கோடு.”

அண்ணி இடது கையை மூடினார்.

“இருக்கா? இருக்கு. ஓடுதா?”

மெக்கானிக்கைப் பார்த்தார். அவர் கைத்துணியால் விரலிடுக்கைத் துடைத்தபடி, “வெயில் பட்டா அணைஞ்சிடுது. சாயங்காலம் நல்லா ஓடுது” என்றார்.

“ஓட்டறவருக்குத் தெரியும், சரி. ஒத்துக்கிட்டாங்களா? யாரு ஒத்துக்கிட்டாங்க சார், கடைக்காரரா?”

“மேடம், பெட்டி விமானத்துக்குள்ள இருக்கா இல்லையா?”

“நாளைக்கு நான் அதுல ஒரு காலண்டர் மாட்டறேன்” என்றார் மெக்கானிக். “அதுக்கும் ஏதாவது எழுத்து இருக்காங்க?”

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மெக்கானிக்குக்கு அடுத்த வாரமே வேறு விமானக் கொட்டகைக்கு மாற்றல் வந்தது. அண்ணியை மாற்ற முடியவில்லை, பிளான் போட உரிமம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

அண்ணி பிடிவாதக்காரி இல்லை. வழி தேடினார். பத்தாம் கட்டத்தில் பழைய எழுத்துகளையே போட்டு, கடைசியில் குறிப்பு எழுதும் இடத்தில், ‘ராடார் பார்த்துத் திசை சொல்லி உதவவும்’ என்று கேட்டு அனுப்பினார். கன்ட்ரோலில் கூட்டம் இல்லாத வேளையில் அவர்களே கிழவிக்குத் திசை சொல்லிக் கொஞ்சம் குறுக்கே விட்டார்கள். பாதி நாள் இப்படி நேரம் மிச்சமானது.

“கேட்டா குடுக்கறாங்க பாருங்க” என்றார் அண்ணனிடம். “பொய் சொல்லி ஏன் வாங்கணும்?”

அண்ணனுக்கு அது உறைக்கவில்லை. அவனுக்கு வேறு இடத்தில் வலித்தது. மற்ற கம்பெனி விமானிகள் நேர்க்கோட்டில் போகும்போது ரேடியோவில், “என்ன, இன்னும் கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டு வராங்களா?” என்பார்களாம். இத்தனை வருடம் ஓட்டியவனுக்கு அது சாட்டையடி. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அண்ணியைக் குத்துவான்.

“அந்த ஜியும் போட மாட்ட, இந்த ஜியும் போட மாட்ட. உன் ஒருத்தியாலதான் கம்பெனியே சுத்திக்கிட்டிருக்கு.”

“சுத்தினாலும் வீட்டுக்கு வந்துடறீங்கல்ல? அது போதும் எனக்கு.”

“நான் அந்தப் பெட்டியை வச்சு எத்தனையோ தடவை பார்த்துட்டேன். கரெக்டா காட்டுது.”

“வெளிச்சத்துல கரெக்டா காட்டும். வெளிச்சத்துல எனக்குந்தான் வழி தெரியும்.”

நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்று அண்ணன், ஒன்று அண்ணி. ஊரில் நாத்தனார்கள் அண்ணன் பக்கம்தான் நிற்பார்கள். எனக்கு முதன்முதலாக அண்ணன்மேல் கோபம் வந்தது அந்த நாட்களில்தான். உயிர் அவனுடையது, அதைக் காப்பாற்றப் போராடுகிறவர் அவர், திட்டு வாங்குகிறவரும் அவர். இது என்ன கணக்கு?

அன்று காலையில் மேகம் தாழ்வாக இருந்தது. கொட்டகைக் கூரைக்கு மேலே பழைய சாம்பல் மாதிரி அப்பியிருந்தது. சரக்கு ஏற்றியாயிற்று. அண்ணி பிளானைத் தட்டி முடித்துவிட்டு விரலை விரிக்கப் போகும்போது மாப்பிள்ளை தன் அறைக்குக் கூப்பிட்டார். அண்ணி திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். கண்ணாடிக் கதவு சாத்தியது. உள்ளே மாப்பிள்ளையின் கை ஆடுவதும் அண்ணியின் தலை இடவலமாக ஆடுவதும் தெரிந்தன.

நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சீருடையோடு உள்ளே வந்தான். கண்ணாடிக் கதவைப் பார்த்தான். அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தான். பத்தாம் கட்டத்தில் வழக்கமாக இருக்கும் வரி குட்டை. எனக்கு அந்த வரியின் நீளம் பழக்கம். அது ஓர் எழுத்து நீண்டது.

“அண்ணே, அண்ணி வந்துடட்டுமே” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், இந்தத் தடவை கேட்கும்படி.

“நீ டீயைப் பாரு.”

பொத்தானை அழுத்தினான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அண்ணி வெளியே வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். திரையைப் பார்த்தார். கம்பெனி ரேடியோவை எடுத்து, “ஏங்க, ஜியை எடுக்கச் சொல்லிக் கன்ட்ரோல்ல கேளுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கேளுங்க” என்றார். அந்தப் பக்கம் காற்றாடிச் சத்தத்துக்கு நடுவே அண்ணனின் குரல் வந்தது. “எஸ், எஸ்.” அவ்வளவுதான், ஓடுபாதைக்குத் திரும்பிவிட்டான்.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, பத்தாம் கட்டத்தில் ஜி இல்லை என்று திருத்தச் செய்தி தட்டினார். மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றார்.

“அதை அனுப்பினா நாளையிலேர்ந்து வர வேண்டாம் மேடம்.”

அண்ணி விரலை விரிக்கவே இல்லை. அனுப்பிவிட்டார்.

ஆனால் விமானம் தரையை விட்டிருந்தது. கிளம்பிய பிறகு போன திருத்தம் வழியில் அடுத்து வரும் கன்ட்ரோலின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களிடம் இருந்தது பழைய பிளான்தான், ஜி உள்ளது.

மேலே என்ன நடந்தது என்பதை அண்ணனே பிறகு சொன்னான். மேகத்துக்குள் இருக்கும்போது கன்ட்ரோலர் ஒரு புள்ளியின் பெயரைச் சொல்லி அங்கே நேராகப் போகச் சொன்னாராம். அந்தப் புள்ளியில் தரையில் நிலையமும் கிடையாது, கம்பமும் கிடையாது. செயற்கைக்கோள் கருவியின் வரைபடத்தில் மட்டும் இருக்கும் வெறும் பெயர். நம் பெட்டியின் வரைபடம் பழையது, அந்தப் பெயரே அதில் இல்லை. தேடித் தட்டிக்கொண்டிருக்கும்போது சிக்னலும் போய்விட்டது. அப்போது ‘என்னால் முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கன்ட்ரோலர் திசை சொல்லியிருப்பார். அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, எல்லா விமானிகளும் முதலில் கற்பது. இவன் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஜி பொய் என்று தெரிந்துவிடும். குத்துமதிப்பாக ஒரு திசையில் ஓட்டினான்.

ராடாரில் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் கத்தினாராம். உடனே இடது பக்கம் திரும்பு, மேலே ஏறு, உடனே. அண்ணன் திருப்பினான். மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. பக்கத்தில் மலைச்சரிவு. மரம் தெரிந்தது மட்டுமில்லை, மரத்தில் இலை தெரிந்ததாம்.

இறங்கி வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே சொன்னான்.

“ஒண்ணும் ஆகலையே.”

இந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு நான் எத்தனை வாயில் கேட்டேன்! மாப்பிள்ளை சொன்னார், கணக்குப்பிள்ளை சொன்னார், பக்கத்து வீட்டம்மா சொன்னார். ஒண்ணும் ஆகலையே, அப்புறம் எதுக்கு இவ்வளவு? ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குக் காரணம் ராடார் முன்னால் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஒருவர். இவர்கள் யாரும் இல்லை. வீடு பற்றி எரியும்போது பக்கத்துத் தெருக்காரன் வந்து அணைத்தால், கொளுத்தியவன் வந்து ‘ஒண்ணும் ஆகலையே’ என்று கையைத் தட்டிக்கொள்ளலாமா?

துறையிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மாப்பிள்ளை ஒரே பதிலை வைத்திருந்தார். பிளான் மேடத்தின் பெயரில் போயிருக்கிறது, மேடத்தின் கணினியிலிருந்து போயிருக்கிறது. தவறுதலாக ஜி போட்டுவிட்டார்கள். பிறகு அவர்களே பயந்துபோய்த் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

“தப்புப் பண்ணினவங்கதானே சார் திருத்துவாங்க?” என்றார்.

நான் அப்போது டீத் தட்டோடு நின்றிருந்தேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று அனுப்பிய ஒரு செய்தியை, அவர் கழுத்துக்கே கயிறாகத் திரித்துவிட்டார்கள். சும்மா இருந்திருந்தால் அவர்களுக்கு இந்தப் பிடியாவது கிடைத்திருக்காது. நல்லது செய்ததுதான் சாட்சியாகிவிட்டது.

அண்ணி நடந்ததைச் சொன்னார். யார் உட்கார்ந்தது என்று மட்டும் சொல்லவில்லை. “நான் அனுப்பலை. அனுப்பினவங்க வந்து சொல்லட்டும்” என்றார். அண்ணனை அடுத்து உட்கார வைத்துக் கேட்டார்கள். “நான் பிளான் பார்க்கலை சார். வழக்கமா அவங்கதான் பார்ப்பாங்க” என்றான்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அதிகாரி கிளம்பும்போது வாசலில் போய் நின்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிரித்து, “சார், அந்த நாற்காலியில உட்கார்ந்தது அவங்க இல்ல” என்றேன்.

“யாரு உட்கார்ந்தா?”

“எங்க அண்ணன்.”

“நீங்க மேடத்துக்கு என்ன வேணும்?”

“நாத்தனார்.”

“நாத்தனார் அண்ணிக்காகப் பேசறதை நான் இப்பத்தான் பார்க்கறேன்” என்று அவர் சிரித்தார். பின்னால் நின்ற மாப்பிள்ளையும் சிரித்தார். “இவங்க சுத்தம் பண்றவங்க சார். குடும்பத்துல ஏதோ தகராறு.” அதிகாரி பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் பெரிய மனிதர் ஒருவரிடம் வாயைத் திறந்து பேசியது அதுதான். அதற்குக் கிடைத்தது ஒரு சிரிப்பு.

அண்ணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். உரிமத்தைப் பறிப்பதா என்று முடிவு செய்ய மறு விசாரணை வைத்தார்கள். உரிமம் போனால் அவர் இனி எங்கேயும் பிளான் போட முடியாது. அவர் செய்யாத ஒன்றுக்காக.

வீட்டில் அண்ணன் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். அந்த மெதுவான பேச்சு எனக்குச் சண்டையைவிட அருவருப்பாக இருந்தது. மாடியில் அண்ணியும் நானும் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அண்ணன் படியேறி வந்து, காயப்போட்ட படுக்கை விரிப்புக்கு அந்தப் பக்கமாக நின்றுகொண்டான்.

“கொஞ்ச நாள் வீட்டுல இரு. எல்லாம் அடங்கினதும் உன்னைத் திரும்ப எடுத்துக்கறதா ஜி சொல்லியிருக்காரு.”

அண்ணி துணியை உதறினார்.

“என் லைசன்ஸ் போனா நாம எல்லாரும் என்ன பண்றது? யோசிச்சுப் பாரு. உனக்கு வேற வேலை கிடைச்சுடும். எனக்கு ஓட்டறதைத் தவிர என்ன தெரியும்?”

அண்ணி கிளிப்பை வாயிலிருந்து எடுத்துக் கயிற்றில் மாட்டினார். பிறகு விரிப்பை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றார். இடது கையை மூடினார்.

“எனக்கு ஒரு ஆசை. உங்களுக்கு ஒரு பிளான் போடணும். பத்தாம் கட்டம். மனசாட்சி இருக்கா?” சுண்டுவிரல் விரிந்தது. “இருந்தா ஓடுதா? தைரியம் இருக்கா? பொண்டாட்டியை முன்னால தள்ளிட்டுப் பின்னால நிக்கறதுக்கு யாரு ஒத்துக்கிட்டாங்க?”

“என்ன பேசற நீ?”

“ஒரு கருவியும் இல்லாத விமானத்துக்கு ஒரு எழுத்து இருக்கு, தெரியுமில்ல? எஸ் கிடையாது, டி கிடையாது, எஃப் கிடையாது. எல்லாத்துக்கும் பதிலா ஒரே எழுத்து. ‘என்’. உள்ள ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். உங்களுக்கு நான் ‘என்’ போட்டு அனுப்பறேன்.”

அண்ணன் கை ஓங்கவில்லை, கத்தவில்லை. “எஸ், எஸ்” என்று அவன் வாய் பழக்கத்தில் முணுமுணுத்தது. அது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். படியைப் பார்த்துத் திரும்பியவன் நின்றான்.

“என் பயணிங்க யாரும் செத்துடலையே. சரக்குதானே…”

“பயணி இருந்தாங்க. நீங்க” என்றார் அண்ணி. அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. “நான் அந்த எழுத்தைப் போடாததே அந்த ஒரு பயணிக்காகத்தான்.”

நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

“அண்ணே” என்றேன். “அந்த அதிகாரி என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாரு. நீதான் போகணும்.”

அவன் என்னைப் பார்த்தான். அட, இங்கதான் இருக்கியா என்கிற பார்வை. நான் பிறந்ததிலிருந்து அவன் கூடத்தான் இருக்கிறேன்.

மறு விசாரணைக்கு அண்ணன் தானாகப் போனான். அன்று சீருடை போடவில்லை. தானே உட்கார்ந்ததாகவும், தானே ஜி போட்டதாகவும், மனைவி ரேடியோவில் சொல்லியும் கேட்கவில்லை என்றும் சொன்னான். மேடத்தை அறைக்குக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறேன், நீ போய்ப் போட்டுவிடு என்று தன்னிடம் சொன்னது மாப்பிள்ளை என்பதையும் சொன்னான். அதுவரை எனக்கோ அண்ணிக்கோ அது தெரியாது. இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஆடிய அந்தக் கை எதற்காக ஆடியது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

மாப்பிள்ளை இல்லவே இல்லை என்றார். அவர்தான் போடச் சொன்னார் என்பதற்குச் சாட்சி இல்லை. கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அண்ணனின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அண்ணிமேல் தவறு இல்லை என்று ஆனது. ஆனால் உரிமம் உள்ள வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள், அண்ணியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. “மேடத்துக்கும் நமக்கும் ஒத்து வராது” என்றார் மாப்பிள்ளை. தவறு இல்லாதவருக்கும் வேலை இல்லை, தவறு செய்யச் சொன்னவருக்கு நாற்காலி அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. அந்தக் கடிதம் வந்த சூட்டோடு கம்பெனி சரியான கருவியை வாங்கிக் கிழவிக்குப் பொருத்திவிட்டது. உரிமம் உள்ளவர்கள் வந்தார்கள், சோதித்தார்கள், ஒப்புதல் வந்தது. இத்தனை நாள் முடியவே முடியாது என்ற வேலை. மாப்பிள்ளை அறை முழுக்க இனிப்பு கொடுத்து, “பாதுகாப்பு விஷயத்துல நாம எப்பவும் முன்னாடி” என்றார். கொட்டகைக்குத் திரும்பி வந்திருந்த மெக்கானிக் இனிப்பை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “பிளாஸ்டிக் பெட்டியை என்ன பண்ணட்டும்? சார் காருல ஒட்டிடட்டுமா?” என்றார். இந்தத் தடவை சிரிக்க யாருக்கும் துணிவு வரவில்லை. நான் சிரித்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டுதான்.

இன்று நிலைமை இது. அண்ணி கன்ட்ரோலில், பிளான்களை வாங்கிச் சரிபார்க்கும் மேசையில் வேலை செய்கிறார். கிழவியின் பிளானும் அந்த மேசைக்குத்தான் வருகிறது. பத்தாம் கட்டத்தில் ஜி இருக்கிறது, அது இப்போது உண்மை, அண்ணி ஏற்றுக்கொள்கிறார். அண்ணனுக்கு உரிமம் திரும்பிவிட்டது, ஆனால் யாரும் விமானம் கொடுக்கவில்லை. விமான நிலைய ஊழியர்களை ஏற்றி இறக்கும் பேருந்தை ஓட்டுகிறான். அவனும் அண்ணியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். மழைநாளில் அவன் கிளம்பும்போது அண்ணி குடை இருக்கிறதா என்று கேட்பதில்லை. மாப்பிள்ளை அதே நாற்காலியில் இருக்கிறார். நான் அவர் அறையைத் துடைக்கிறேன், டீ வைக்கிறேன். ஜி போடாமல், அவரை சார் என்றுதான் கூப்பிடுகிறேன்.